செத்துப் பிழைத்த கேரக்டருக்கு வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. அந்த மேசையில் ஒரு பாத்திரம், அதாவது கேரக்டர், செத்தால் கொஞ்ச நேரம் அமைதி நிலவும், அவ்வளவுதான். உண்மையான கூச்சல், செத்தவன் எழுந்து வந்த பிறகுதான். "என்னமோ சரியில்லை, முன்ன மாதிரி இல்லை" என்பார் ஆட்டக்காரர். ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) விதிப்புத்தகத்தைப் புரட்டுவார். மூன்றாமவர் பழைய பதிப்பில் படித்ததை எடுத்துவிடுவார். அரை மணி நேரம் காலி.

பல வருடம் டிஎம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: உயிர்ப்பிக்கும் ஸ்பெல் (மந்திரம்) உயிரைத் திருப்பித் தரும். வெட்டுப்பட்ட கை, மோதிரத்தோடு இருந்த மந்திரப் பிணைப்பு, தலைமேல் தொங்கிய சாபம் எல்லாம் தனித்தனிக் கணக்கு. எந்த ஸ்பெல் எந்தக் கணக்கைத் தீர்க்கிறது என்று பார்த்தால் முக்கால்வாசிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

எனவே எதையும் சரிசெய்யப் போகும் முன் மூன்று கேள்விகள். எந்தப் பதிப்பு? எந்த ஸ்பெல்? எப்படிச் செத்தான், செத்து எத்தனை நாள்? கீழே உள்ளதெல்லாம் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து எழுதியது. 2024 புத்தகமோ பழைய பதிப்போ குறுக்கிடும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

"டி20 எதை உருட்டினாலும் நாலு குறையுது"

குறையத்தான் செய்யும். டி20 என்பது இருபது முகப் பகடை. ரெய்ஸ் டெட், ரெசரக்‌ஷன் இரண்டில் எதைப் போட்டு எழுப்பியிருந்தாலும் அட்டாக் ரோல் (அடி பட்டதா என்று பார்ப்பது), சேவிங் த்ரோ (வரும் ஆபத்தைத் தாங்குவது, சுருக்கமாகச் சேவ்), எபிலிட்டி செக் (திறமையைச் சோதிப்பது) மூன்றிலும் மைனஸ் 4. ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் (எட்டு மணி நேர ஓய்வு) அந்த மைனஸில் ஒன்று குறையும். ஒரு நாளில் ஒரு லாங் ரெஸ்ட்தான் கணக்கில் வரும் என்பதால் முழுசாகத் தேற நாலு நாள் ஆகும். ரிவிவிஃபை, ரீஇன்கார்னேட், ட்ரூ ரெசரக்‌ஷன் மூன்றுக்கும் இந்தத் தண்டனை கிடையாது. அவற்றால் எழுந்தவனுக்கு யாராவது நாலைக் கழித்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

எதில் கழிப்பது என்பதில்தான் மேசைகள் சறுக்குகின்றன. டேமேஜில் கழிக்கக் கூடாது. எதிரியின் அடி பட எட்ட வேண்டிய ஆர்மர் கிளாஸ் (ஏசி) குறையாது. அவன் போடும் ஸ்பெல்லுக்கு எதிரி தாண்ட வேண்டிய டிசியும் (இலக்கு எண்) குறையாது. ஆனால் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்ற உருட்டல்) என்பது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) செக், அதனால் அதில் கழிக்க வேண்டும். அடி பட்டாலும் போட்ட ஸ்பெல் கலையாமல் கான்சன்ட்ரேஷனைக் காப்பாற்ற உருட்டுவதும் சேவிங் த்ரோதான்.

பலர் கவனிக்காத இடம் டெத் சேவ், அதாவது ஹெச்பி (உயிர்ப் புள்ளி) பூஜ்யமாகி விழுந்தவன் பிழைக்க உருட்டுவது. அதுவும் ஒரு சேவிங் த்ரோ. சாதாரணமாக 10-க்குக் குறையாமல் விழுந்தால் அந்த உருட்டல் பலிக்கும், அதாவது 55 சதவீதம். மைனஸ் 4 இருக்கும்போது 14 விழ வேண்டும், 35 சதவீதம். எழுந்த மறுநாளே சண்டைக்குப் போனவன் மறுபடி கீழே விழுந்தால் இரண்டாம் சாவு முதல் சாவைவிடச் சுலபமாக வந்துவிடும். எங்கள் மேசையில் ஒரு ரேஞ்சர் இப்படி மூன்று நாளுக்குள் இரண்டு முறை போனார். இரண்டாவது முறை நாங்கள் யாரும் வைரம் எடுக்கக்கூட நகரவில்லை, சிரித்துவிட்டோம்.

கிரேட்டர் ரெஸ்டோரேஷன் என்னும் குணப்படுத்தும் ஸ்பெல் போட்டு இதைத் துடைக்க முடியாது. நாலு நாள் படுக்க வைப்பதுதான் வழி. நேரமில்லை என்றால் பின்வரிசையில் நிறுத்துங்கள். எதிரியைச் சேவ் பண்ண வைக்கும் ஸ்பெல் இருந்தால் அதையே போடட்டும். பிளெஸ் போட்டால் அட்டாக்கிலும் சேவிலும் ஒரு டி4 கூடும், பாதிக்கு மேல் ஈடாகிவிடும். பத்தடிக்குள் பாலடின் (தெய்வ வீரர்) நின்றால் அவருடைய ஆரா சேவ்களைத் தூக்கிப் பிடிக்கும்.

"மோதிரம் வேலை செய்யலை, வாள் எரியலை"

இது கோளாறே இல்லை, ஆனால் வாரக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். செத்தால் அட்யூன்மென்ட், அதாவது மந்திரப் பொருளோடு இருக்கும் பிணைப்பு, அறுந்துவிடும். ஆறு நொடியில் ரிவிவிஃபை போட்டு எழுப்பினாலும் அறுந்தது அறுந்ததுதான். எழுந்தவன் ஒவ்வொரு பொருளோடும் தனித்தனியாக ஒரு ஷார்ட் ரெஸ்ட் உட்கார வேண்டும். மூன்று பொருள் என்றால் மூன்று மணி நேரம்.

எங்கள் பாலடின் செத்து எழுந்து இரண்டு செஷன் ஆனது. ஒரு ஓகர் அரக்கனுக்கு அட்டாக் ரோலில் 18 வந்தது. "என் ஏசி 19, படாது" என்றார். அந்தப் பத்தொன்பதில் ஒன்று ரிங் ஆஃப் புரொடெக்‌ஷன் தந்தது. எப்போது திரும்ப அட்யூன் செய்தீர்கள் என்று கேட்டேன். மேசை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் கேரக்டர் ஷீட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், பதில் வரவில்லை. அடி பட்டது. அன்றிலிருந்து யாராவது செத்தால் முதல் வேலை, ஷீட்டில் அட்யூன்மென்ட் கட்டங்களைப் பென்சிலால் அடிப்பது.

சாபம் பிடித்த பொருள் என்றால் சாவே ஒரு வகையில் லாபம் என்று சில ஆட்டக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். பிணைப்பு அறுகிறதே! விட்டுவிடாதீர்கள். அந்தப் பொருளின் குறிப்பைப் படியுங்கள். சாபம் பொருளோடு போகிறதா, ஆளோடு ஒட்டுகிறதா என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

"எழுந்தான், உடனே திரும்பச் செத்தான்"

முதலில் இடத்தைப் பாருங்கள். ரிவிவிஃபை, ரெய்ஸ் டெட் இரண்டும் 1 ஹெச்பியோடுதான் எழுப்பும். எழுந்தவன் இன்னும் தரையில்தான் கிடக்கிறான், எழுந்து நிற்கப் பாதி ஸ்பீடு போகும். பக்கத்தில் அவனைக் கொன்ற அதே ட்ரோல் நின்றுகொண்டிருக்கிறது. தீக்குள் கிடந்தவனைத் தீக்குள்ளேயே எழுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். இழுத்து வெளியே போட்டுவிட்டு எழுப்புங்கள். ரிவிவிஃபைக்குச் செத்து ஒரு நிமிடம்வரை அவகாசம். ஒரு நிமிடம் என்றால் பத்து ரவுண்ட், அவசரமே இல்லை.

அடுத்தது விஷம், நோய், சாபம். ரெய்ஸ் டெட் விஷத்தையும் சாதாரண நோயையும் எடுத்துவிடும். மந்திர நோயையும் சாபத்தையும் எடுக்காது, முன்கூட்டியே நீக்காவிட்டால் உயிர் வந்ததும் அவையும் வேலையைத் தொடங்கும். ரிவிவிஃபை இதில் எதையுமே தொடாது. சரி, சாபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைரத்தைச் செலவழித்தால் அதே சாபத்துக்கு இரண்டாவது முறை சாவதற்கு நீங்களே காசு கட்டியதாகிவிடும்.

எக்ஸாஷன் (களைப்பு) ஆறாம் படியில் செத்தவனை எழுப்பினால் ஒரு படி குறைந்து ஐந்தில் எழுவான். ஐந்தில் ஸ்பீடு பூஜ்யம். கண் திறந்திருக்கும், பேசுவான், ஓரடி நகர மாட்டான். இன்னொரு ராத்திரி குளிரில் ஒரு சேவ் தவறினால் முடிந்தது. சோறு தண்ணீரோடு ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு படி என்று இறங்க வேண்டும். அவசரமென்றால் கிரேட்டர் ரெஸ்டோரேஷன் ஒரு படி எடுக்கும், ஒவ்வொரு தடவைக்கும் 100 பொன் வைரத்தூள்.

வைட், ரெய்த் மாதிரி உயிர் உறிஞ்சும் பிசாசுகளால் மேக்ஸிமம் ஹெச்பியே பூஜ்யமாகிச் செத்தவன் கதைதான் சிக்கல். லாங் ரெஸ்ட் எடுத்தால் மேக்ஸிமம் திரும்பும். பிணம் லாங் ரெஸ்ட் எடுக்குமா? எழுப்பினால் 1 ஹெச்பி வர வேண்டும், ஆனால் உச்சவரம்பு பூஜ்யம். எங்கள் மேசையில் நான் வைத்த தீர்ப்பு: எழுவான், லாங் ரெஸ்ட் எடுக்கும்வரை மேக்ஸிமம் 1. யார் தும்மினாலும் போய்விடுவான் என்ற நிலையில் எட்டு மணி நேரம் அவனைக் காவல் காப்பது ஒரு நல்ல செஷனாக அமைந்தது.

"ஸ்பெல் போட்டாச்சு, வைரம் போச்சு, ஆள் எழும்பலை"

இதற்குத்தான் காரணங்கள் ஏராளம். வரிசையாகப் பாருங்கள்.

நாள் கணக்கு முதலில். ரிவிவிஃபைக்கு ஒரு நிமிடம். ரெய்ஸ் டெட், ரீஇன்கார்னேட் இரண்டுக்கும் 10 நாள். ரெசரக்‌ஷனுக்கு 100 ஆண்டு, ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 200. வயதாகிச் செத்தவரை ரிவிவிஃபை, ரெசரக்‌ஷன், ட்ரூ ரெசரக்‌ஷன் மூன்றும் எழுப்பாது. தாத்தாவை எழுப்பிப் புதையல் எங்கே என்று கேட்கும் திட்டம் இருந்தால் ஸ்பீக் வித் டெட் போதும், மலிவு.

உடல் அடுத்து. தலை இல்லாத உடலில் ரெய்ஸ் டெட் பலிக்காது. பிணம் ஸோம்பியாக எழுந்து நடமாடினாலும் பலிக்காது. வைட் உறிஞ்சிக் கொன்ற மனிதன் 24 மணி நேரத்தில் ஸோம்பியாக எழுவான் என்பதால் அந்தச் சாவுக்குப் பிறகு பிணத்தைத் தனியாக விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். டிஸின்டகிரேட் பட்டுத் தூளானவனுக்கு ட்ரூ ரெசரக்‌ஷன் அல்லது விஷ் (கேட்டதைத் தரும் ஸ்பெல்) தவிர வேறு வழியில்லை. உடலே இல்லாதவனுக்குப் பெயர் சொல்லிப் புது உடல் வாங்கித் தரும் ஸ்பெல் ட்ரூ ரெசரக்‌ஷன் ஒன்றுதான். மயிலாப்பூரில் பானைக்குள் இருந்த எலும்பும் சாம்பலும் பூம்பாவையாக எழுந்த கதை நமக்குத் தெரியும். இந்த விளையாட்டில் அந்த வேலைக்கு ஒன்பதாம் படி ஸ்பெல்லும் 25,000 பொன் வைரங்களும் ஆகும்.

வைரத்தில் ஒரு பொடி விஷயம் இருக்கிறது. ரிவிவிஃபை கேட்பது 300 பொன் பெறுமான வைரங்கள்: பன்மை. சில்லறை வைரங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ரெய்ஸ் டெட் கேட்பது 500 பொன் பெறும் ஒரு வைரம். நூறு நூறாக ஐந்து வைத்தால், கறாரான டிஎம் மேசையில் செல்லாது. ரெசரக்‌ஷனும் 1,000 பொன்னில் ஒற்றை வைரம்தான் கேட்கிறது. கடைக்குப் போகும்போதே எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எழவில்லையா? அப்படியானால் ஆன்மா. அது வர விரும்ப வேண்டும், வரமுடிகிற நிலையில் இருக்கவும் வேண்டும். அழைப்பவரின் பெயர், அலைன்மென்ட் (நல்லவரா கெட்டவரா என்ற சார்பு), கும்பிடும் தெய்வம் மூன்றும் ஆன்மாவுக்குத் தெரியும் என்கிறது டிஎம் கையேடு. கொன்றவனே ஒரு பூசாரியைப் பிடித்து எழுப்பச் சொன்னால் அது வராமல் இருக்கலாம். பார்கெஸ்ட் என்னும் பிசாசு ஆன்மாவை விழுங்கியிருந்தால், வயிற்றில் இருக்கும் 24 மணி நேரமும் எழுப்பும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. செரித்துவிட்டால் மனித மந்திரம் எதுவும் செல்லாது. ஸ்பெல்லைச் சேமித்து வைத்துவிட்டு முதலில் பார்கெஸ்டைத் துரத்துங்கள். அது செத்தால் ஆன்மா வெளியே வந்துவிடும்.

2017-ல் வந்த டூம் ஆஃப் அனைலேஷன் சாகசத்தை ஆடிக்கொண்டிருந்தால் மேலே உள்ள எதுவும் உதவாது. அங்கே உயிர்ப்பிக்கும் ஸ்பெல் எல்லாமே தோற்கும். ஏற்கெனவே செத்து எழுந்தவர்களுக்கு நாளுக்கு ஒன்று மேக்ஸிமம் ஹெச்பி கரையும். அது உங்கள் டிஎம் செய்த பிழை இல்லை, கதையே அதுதான்.

ஜென்டில் ரிப்போஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் படி ஸ்பெல், நம் ஊரில் சாவு வீட்டுக்கு வாடகைக்கு வரும் ஐஸ் பெட்டி மாதிரி. 10 நாள் உடல் கெடாது, பிசாசாக எழாது, அந்த நாட்கள் காலக்கெடுவிலும் சேராது. செத்த ஒரு நிமிடத்துக்குள் இதைப் போட்டுவிட்டால் ஒரு வாரம் கழித்து 300 பொன்னில் ரிவிவிஃபை போடலாம் என்பதைப் பெரும்பாலான மேசைகள் ஒப்புக்கொள்கின்றன. மைனஸ் 4-ம் வராது. தேவை ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு கண்மேலும் ஒவ்வொரு செப்புக்காசு. நாம் நெற்றியில் வைப்பதை இவர்கள் கண்ணில் வைக்கிறார்கள். காசு கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி.

எங்கள் ஃபைட்டர் காட்டில் செத்தபோது கையில் வைரம் இல்லை. கிளெரிக் (பூசாரி) சரியான நேரத்தில் ஜென்டில் ரிப்போஸ் போட்டார். பட்டணம் ஆறு நாள் தூரம். உடலைத் துணியில் சுற்றிக் கோவேறு கழுதைமேல் ஏற்றினோம். பட்டணத்தில் வைரம் வாங்கித் துணியைப் பிரித்தால் கண்ணில் காசு இல்லை. முதல் ராத்திரி காவலில் இருந்த ரோக் (திருடர் பாத்திரம்) எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்டக்காரரைக் கேட்டால், "செத்தவனுக்கு எதுக்குக் காசு?" அந்த இரண்டு செப்புக்காசால் ரிவிவிஃபை கைவிட்டுப் போனது. ரெய்ஸ் டெட், 500 பொன், கோயில் காணிக்கை தனி, நாலு நாள் மைனஸ்.

"உயிர் வந்தது, கை வரலை"

ரிவிவிஃபையும் ரெய்ஸ் டெட்டும் போன உறுப்பைத் தராது. ரெசரக்‌ஷன் தரும். அந்த அளவுக்கு வசதியில்லையென்றால் ரீஜெனரேட் தேட வேண்டும், அதுவும் ஏழாம் படி. அறுந்த கையை எடுத்து வந்திருந்தால் ரீஜெனரேட் உடனே ஒட்டவைக்கும், இல்லாவிட்டால் முளைக்க இரண்டு நிமிடம். முதலையின் வயிற்றில் விட்டுவிட்டு வந்ததற்காக அழ வேண்டாம் என்று சொல்ல வந்தேன்.

"எழுந்தவன் அவனே இல்லை"

ரீஇன்கார்னேட் போட்டிருப்பீர்கள். ட்ரூயிட்டின் ஐந்தாம் படி ஸ்பெல், 1,000 பொன் பெறும் தைலங்கள். உடலின் ஒரு துண்டு கிடைத்தால்கூடப் போதும். நினைவும் திறமையும் பழையவை, உடல் புதியது. எந்த இனம் என்பதை டி100 சொல்லும்.

ஒரு கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். ஒன்பதாம் லெவல் ஹாஃப்-ஆர்க் ஃபைட்டர், கையில் கிரேட்ஸ்வோர்டு, ஸ்ட்ரெங்த் (பலம்) 18, கான்ஸ்டிட்யூஷன் (உடல் திடம்) 16. டைஸ் 63 விழுந்தது: லைட்ஃபுட் ஹாஃப்லிங், குள்ளமான ஓர் இனம். ஹாஃப்-ஆர்க்குக்குக் கிடைத்த ஸ்ட்ரெங்த் 2 போனது, 16 ஆனது. கான்ஸ்டிட்யூஷன் 15 ஆனது. ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் அதிலிருந்து வரும் மாடிஃபையர் (கூட்டும் எண்) 3-லிருந்து 2-க்கு இறங்கியது, ஒன்பது லெவலுக்கும் சேர்த்து மேக்ஸிமம் ஹெச்பியில் 9 போனது. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஸ்பீடு 30-லிருந்து 25. இருட்டில் பார்க்கும் கண் போனது. சாகும் அடியில் 1 ஹெச்பியோடு தாக்குப்பிடிக்கும் ஆர்க் வரமும் போனது. டெக்ஸ்டெரிட்டி 2, கரிஸ்மா 1 கூடியது, ஹாஃப்லிங்கின் அதிர்ஷ்டமும் வந்தது. ஆனால் சிறிய உடலுக்கு ஹெவி ஆயுதம் என்றால் டிஸட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுப்பது). பிளேட் கவசம் பழைய அளவில் இருக்கிறது; மூன்றடி ஆள் அதற்குள் குடியிருக்கலாம், போட்டுக்கொள்ள முடியாது.

திருத்தும் வழி: ஷீட்டை அடித்துத் திருத்தாமல் புதுத் தாளில் எழுதுங்கள். இனத்தால் வந்ததை மட்டும் கழித்து, புதிய இனத்துக்குரியதைக் கூட்டுங்கள். கிளாஸ், லெவல், பேக்ரவுண்ட் எதையும் தொட வேண்டாம். 2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு வலி குறைவு: அங்கே எபிலிட்டி புள்ளிகள் பேக்ரவுண்டிலிருந்து வருகின்றன, ஹெவி ஆயுதத்துக்கும் உடல் அளவைப் பார்ப்பதில்லை. ஆட்டக்காரர் புது உடலை வெறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கள் ஹாஃப்லிங், சொல்லப்போனால், பழைய ஆளைவிட அதிகம் பேசினார்.

"எழுப்பியவர் படுத்துவிட்டார்"

செத்து ஓராண்டுக்கு மேலானவருக்கு ரெசரக்‌ஷன் போட்டால் போட்டவர் லாங் ரெஸ்ட் எடுக்கும்வரை வேறு ஸ்பெல் போட முடியாது, எல்லா ரோலிலும் டிஸட்வான்டேஜ். அன்றைக்கு வேறு சண்டை வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிப்பில் இதே ஸ்பெல் போட்டவருக்கு மூன்று வயது கூடிவிடும்.

"என் அண்ணன் வேற மாதிரி சொல்றார்"

அண்ணன் வேறு பதிப்பு ஆடியவர். முதல் பதிப்பில் எழுவதே நிச்சயமில்லை: கான்ஸ்டிட்யூஷன் 10 இருந்தால் 75 சதவீதம், 3 இருந்தால் 40. எழுந்தாலும் கான்ஸ்டிட்யூஷனில் ஒன்று நிரந்தரமாகப் போகும். எல்ஃபுக்கு ரெய்ஸ் டெட் பலிக்கவே பலிக்காது. 3.5-ல் ஒரு லெவல் போகும், முதல் லெவல்காரருக்குப் பதிலாகக் கான்ஸ்டிட்யூஷன் 2 போகும், தயாராக வைத்திருந்த ஒவ்வொரு ஸ்பெல்லும் பாதி வாய்ப்பில் காணாமல் போகும், வைரமும் 5,000 பொன். நாலாம் பதிப்பில் மைனஸ் 1, மூன்று மைல்ஸ்டோன் (ஆட்டக் கட்டம்) தாண்டும்வரை. இதன் உறவுக்கார விளையாட்டான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பு லெவலைப் பிடுங்காமல் இரண்டு நெகட்டிவ் லெவல் ஏற்றும்.

நண்பர்கள் வெவ்வேறு பதிப்பில் வளர்ந்தவர்கள் என்றால் முதல் செஷனிலேயே இதைப் பேசி முடிப்பது நல்லது. பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு பேசினால் சண்டைதான் வரும்.

"எழுந்ததிலிருந்து பைத்தியம் மாதிரி பேசுறான்"

பரோவியா என்னும் கதை நாட்டில் ஆடுகிறீர்களா? 2016-ல் வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் சாகசத்தின் விதிப்படி அங்கே செத்து 24 மணி நேரத்துக்கு மேலான பிறகு எழுபவருக்கு, தன் ஆன்மா அந்த மண்ணில் சிறைப்பட்டிருப்பது தெரிந்துவிடும். அதனால் குணப்படுத்தும்வரை போகாத ஒரு பித்து. சீக்கிரம் எழுப்புவதுதான் தடுப்பு. வேறு உலகத்தில் ஆடினால் ஆட்டக்காரர் நன்றாக நடிக்கிறார் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

"சாவுக்கு யாரும் பயப்படுறதே இல்லை"

ஷீட்டில் தெரியாத கோளாறு இது. ஐந்தாம் லெவலில் கிளெரிக்குக்கு ரிவிவிஃபை வந்ததும் தொடங்கும். பையில் 300 பொன் வைரம் இருக்கும்வரை யாரும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காது வைத்துக் கேட்பதில்லை. வைரத்தை அபூர்வமாக்குவது ஒரு வழி. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, கடைசியில் எல்லோரும் ரத்தின வியாபாரிகளாகிவிடுகிறார்கள்.

நான் வைத்திருப்பது கிரிட்டிக்கல் ரோல் இணையத் தொடரில் டிஎம்மாக இருந்த மேத்யூ மெர்சரின் முறை. எழுப்பும் சடங்கில் மூன்று பேர்வரை ஏதாவது ஒன்று தரலாம்: ஒரு பொருள், ஒரு வேண்டுதல், ஒரு பழைய ஞாபகம். அதற்கேற்ற செக் உருட்ட வேண்டும். கடைசி டி20-க்கு டிசி 10, முன்பு எத்தனை முறை எழுந்தாரோ அத்தனை கூடும். ஒவ்வொருவர் முயற்சியும் பலித்தால் 3 குறையும், தவறினால் 1 ஏறும். கடைசி உருட்டல் தோற்றால் ஆன்மா போனது போனதுதான். யாரும் எதுவும் தராமல் முதல் முறை உருட்டினால் 55 சதவீதம். அந்த எண்ணைச் சொன்னதும் மேசையில் பேச்சு நின்றுவிடும்.

நம் ஃபைட்டருக்கு அது இரண்டாம் சாவு, டிசி 11. கிளெரிக்கின் வேண்டுதல் பலித்தது, 8. ரேஞ்சர் பழைய கதை ஒன்றைச் சொன்னார், டைஸில் 4 விழுந்தது, 9 ஆனது. மூன்றாவதாக ரோக் எழுந்து பையில் துழாவினார். இரண்டு செப்புக்காசை எடுத்து ஃபைட்டரின் கண்மேல் வைத்தார். எந்த செக் என்று கேட்டார். பெர்ஸ்வேஷன் என்றேன். 17 விழுந்தது, டிசி 6-க்கு இறங்கியது. கடைசி டி20-ஐ நான் எல்லோரும் பார்க்க உருட்டினேன். 7.